நிற்கிறாளா, நிறுத்தினார்களா?

அத்தியாயம் 14

ஒரே சமயத்தில் இரண்டு பேர் அவளுக்கு வசனம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

குளியலறை வாசலில் பல் தேய்த்தபடி கணவன். சமையலறை வாசலில் இடுப்பில் கை வைத்தபடி நாத்தனார். நடுவில், வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் கூந்தலைச் சுருட்டிக் கிளிப்புக்குள் அடக்கிக்கொண்டிருந்தாள் அண்ணி.

அண்ணி என்றே நாமும் அழைப்போம். வார்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு: ஊசியக்கா. மெயின் ரோட்டுப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். அந்த வார்டில் அவளிடம் கை நீட்டாத ஆள் அநேகமாக இல்லை.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். வார்டு குழுவில் இளம் பெண்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று நாத்தனாரும் அவள் தோழிகளும் ஒரு வருஷமாக வார்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, வெயிலில் கறுத்து, மழையில் நனைந்து, கேலிப் பேச்சுகளைக் காதில் வாங்காமல், கடைசியில் வாங்கியே விட்டார்கள். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஒரு பெண். அந்த இடத்தில் நாத்தனார்தான் உட்காரப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, நேற்று சாயங்காலம் கவுன்சிலரே இவர்கள் வீட்டுப் படியேறினார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "உங்க மருமகளுக்கும் இருபத்தி நாலுதானே ஆகுது?" என்று கேட்டார். போன வார அத்தியாயம் அங்கே முடிந்தது. வீட்டின் நிம்மதியும் அங்கேதான் முடிந்தது.

"மேடையில கேப்பாங்க, சம்மதமான்னு. நான் எழுந்து சம்மதம்னு சொல்லிடறேன். நீ ஒரு கும்பிடு போட்டுட்டு உட்கார்ந்துடு. அவ்வளவுதான் வேலை," என்றான் கணவன், வாயில் நுரையோடு.

"அதெல்லாம் வேண்டாம் அண்ணி. 'எனக்கு இதுல விருப்பம் இல்லை.' ஒரே ஒரு வரி. சொல்லிட்டு இறங்கிடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்," என்றாள் நாத்தனார். சின்ன வயதில் ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். இப்போது ஒரு வருஷமாக ஒரே இடத்தில் உட்கார்ந்து காட்டிவிட்டாள். பெயர் மட்டும் மாறவில்லை.

"கும்பிடறதுல என்னடி கஷ்டம்?"

"அவங்களைப் பொம்மை ஆக்காதேண்ணா!"

"ஓஹோ! நீ மட்டும் என்ன பண்றியாம்? நீயும்தானே அவளுக்கு வசனம் எழுதிக் கொடுக்கறே?"

வாலுவின் இடுப்பிலிருந்த கை இறங்கியது. ஒரு நொடிதான்.

"நான் எழுதறது அவங்க நல்லதுக்கு!"

"நானும் அதைத்தான் சொல்றேன்!"

உள்ளறையிலிருந்து அத்தை வந்தாள். "காலங்கார்த்தால ஆரம்பிச்சாச்சா? நேத்து நீங்க போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரி ஃபேனைக்கூட நிறுத்திட்டா. ஒரு வார்த்தை விட்டுப் போயிடக்கூடாதாம்." பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "சாப்பாடு எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன் அத்தை."

அன்று காலை அந்த வீட்டில் அவளிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவளின் பின்னாலேயே கணவனும் வந்தான். இப்போது குரலில் உரப்பு இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, வாசல் கேட்டைப் பிடித்தபடி நின்றான்.

"இன்னிக்கு நீ நடந்துதான் போகணும். நான் கவுன்சிலரைக் கூட்டிட்டு வரணும்."

"சரி."

"இங்க பாரு... முனிசிபாலிட்டியில டிரைவர் போஸ்ட் ஒண்ணு காலியாகுது. பெர்மனென்ட். நீ கும்பிட்ட கையோட ஆர்டர் என் கையிலன்னு கவுன்சிலர் சொல்லியிருக்காரு." அவன் கேட்டின் துருவை நகத்தால் சுரண்டினான். "எத்தனை நாளைக்கு அவருக்குக் கார் கதவைத் திறந்துவிட்டுக்கிட்டே நிக்கறது? அவரு சம்சாரத்தோட நாய்க்குக்கூட நான்தான் கதவு திறக்கறேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. கெட்டவன் இல்லை அவன். கெட்டவனாக இருந்திருந்தால் வேலை சுலபம்.

"நேரமாச்சுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

*

பஸ் நிறுத்தம் முன்பெல்லாம் அவர்கள் தெருமுனையிலேயே இருந்தது. அதை அங்கிருந்து பிடுங்கி, கவுன்சிலரின் மச்சான் கட்டிய புதுக் கடைவளாகத்தின் வாசலில் கொண்டுபோய் நட்டுவிட்டார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஜனம் கடைக்குள் நுழையுமாம். இப்போது பஸ் ஏற வேண்டுமானால் கிடங்குச் சந்து வழியாகத்தான் போக வேண்டும்.

கிடங்குச் சந்து. இரண்டு பக்கமும் உயரமான சுவர். இழுத்து மூடிய ஷட்டர்கள். ஒரே ஒரு விளக்குக் கம்பம், அதிலும் விளக்கு இல்லை, வயர் மட்டும் தொங்கும். சுமை வண்டிகளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பக்கத்தில் போனால்தான் தெரியும். பக்கத்தில் போன பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்?

தினமும் கணவனின் பைக்கில் கடக்கும்போது அந்தச் சந்து ஒரு பெருமூச்சு நீளம்தான். இன்று முடியவே மாட்டேன் என்றது. வீட்டுச் சாவியை விரல்களுக்கு நடுவில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். யாரோ இருமினார்கள். திரும்பிப் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாகப் போனாள். பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தபோது உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருந்தது.

பரிசோதனைக் கூடத்தில் வெறும் வயிற்றோடு ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. சாப்பிடாத மனிதர்களின் கோபத்துக்கு ஈடு இல்லை. 'ஏம்மா லேட்டு?' என்ற முணுமுணுப்புகளை வாங்கிக்கொண்டு, கையுறையை மாட்டி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பட்டையை இறுக்கு, நரம்பைத் தேடு, பஞ்சால் துடை, குத்து, எடு. கை தானாக ஓடியது.

கடைசியாக வந்தவள் துணி தைக்கும் யூனிட்டில் வேலை பார்க்கிற பெண். ரத்த சோகைக்காரி, மாதாமாதம் வருவாள். இன்று வந்த வேகத்தில் மூச்சிரைத்தது. துப்பட்டா ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

"என்னடி இது?"

"ஒண்ணுமில்லக்கா."

"துப்பட்டா ஏன் கிழிஞ்சிருக்கு?"

"சந்துல... ஒருத்தன் பிடிச்சு இழுத்தான். உதறிட்டு ஓடி வந்துட்டேன்." ஏதோ மழை பெய்ததைச் சொல்வது போல் சொன்னாள். "புதுசு இல்லக்கா. போன வாரமும்."

அண்ணியின் கையிலிருந்த பட்டை தளர்ந்தது. "வீட்டுல சொன்னியா?"

"சொன்னா வேலைய விடுன்னுவாங்க."

"வாலுகிட்ட... அதான், என் நாத்தனார்கிட்ட, அவங்க சங்கத்துல சொல்லலாமே?"

"சொன்னேனே. ரொம்பக் கோபப்பட்டாங்க பாவம். பேனர்லகூட எழுதினாங்க. ஆனா பஸ் ஸ்டாப்பு அங்கேயேதானே இருக்கு?" அந்தப் பெண் முழங்கையை நீட்டினாள். பிறகு, திடீரென்று ஞாபகம் வந்தவள் போல நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, நீங்களும் நிக்கறீங்களாமே? நிஜமா நிக்கறீங்களா, இல்ல நிறுத்தி வச்சிருக்காங்களா?"

ஊசி இறங்கிய இடத்தில் ரத்தம் வரவில்லை.

தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் நரம்பைக் கண்டுபிடிக்கிற கை. குறி தவறிவிட்டது.

"ஆ! என்னக்கா?"

"மன்னிச்சுக்கோடி. இன்னொரு தடவை."

இன்னொரு தடவை குத்தினாள். குப்பியில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மீட்டிங்குக்கு அரை நாள் லீவு போட்டிருக்கேன்க்கா, சம்பளம் பிடிப்பாங்க. பிரயோஜனமா இருக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

*

அந்த வார்டில் ஓட்டுப் போடுகிற முறையைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

வார்டு குழுத் தேர்தல்களுக்கு அங்கே சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. ஒரு காலத்தில் கை தூக்கினார்கள். எண்ணும்போது தகராறு; ஒருவன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான் என்று மண்டை உடைந்தது. 'ஆளுக்குக் கை ரெண்டு, நாற்காலி ஒண்ணுதானே' என்று யாரோ ஒரு புத்திசாலி சொல்ல, அன்றிலிருந்து நாற்காலி ஓட்டு. கூடத்தில் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். நேரம் வந்ததும் அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், யாருக்கு ஆதரவோ அவர் பக்கத்தில் போட்டு உட்கார வேண்டும். எண்ணினால் தீர்ந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பது வேறு. வீட்டு ஆண், தன் நாற்காலியோடு மனைவியின் நாற்காலியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடப்பான். அம்மாவின் நாற்காலி, தங்கையின் நாற்காலி எல்லாம் அதே கையில். பெண்கள் வெறுங்கையோடு பின்னால் போய், எங்கே போடப்பட்டிருக்கிறதோ அங்கே உட்காருவார்கள். கனமான பொருள், பாவம் பெண்கள் எதற்குத் தூக்க வேண்டும்? அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். தண்ணீர்க் குடம் தூக்கும்போது மட்டும் அந்தக் கரிசனம் எங்கே போகுமோ தெரியாது.

வாலுவின் சங்கம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. வீடு வீடாகப் போய், 'உங்க நாற்காலியை நீங்களே தூக்குங்க' என்று சொல்லி வைத்திருந்தார்கள். சில வீடுகளில் ஒத்திகையே நடந்ததாம்.

அண்ணி கூடத்துக்குள் நுழைந்தபோது அது நிரம்பி வழிந்தது. மேடையில் வார்டு அதிகாரி, பக்கத்தில் கவுன்சிலர். மேடைக்குக் கீழே, கூடத்தைப் பார்த்தபடி, இடது கோடியில் ஒன்றும் வலது கோடியில் ஒன்றுமாக வேட்பாளர்களுக்கு இரண்டு நாற்காலிகள். இடது பக்கம் வாலு. முதுகை நிமிர்த்தி, தொடையின் மேல் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

"இங்க உட்காரு," என்று கணவன் வலது பக்கத்து நாற்காலியைக் காட்டினான். குரலைத் தாழ்த்தி, "கும்பிடு மட்டும் போதும்," என்றான்.

முதலில் வாலுவைப் பேசக் கூப்பிட்டார்கள். அவள் மைக்கைப் பிடித்த விதத்திலேயே பின்வரிசைப் பெண்கள் ஆரவாரம் செய்தார்கள்.

நன்றாகப் பேசினாள். அண்ணிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இந்த வார்டில் பாதிப் பேர் பெண்கள், அதில் பாதிக்கு மேல் இளம் பெண்கள், அவர்களைப் பற்றிய முடிவு எதிலும் அவர்கள் இல்லை என்றாள். 'உங்க பொண்ணு கெட்டிக்காரின்னு கல்யாணப் பேச்சுல சொல்றீங்க, கமிட்டிப் பேச்சுல சின்னப் பொண்ணுன்னு சொல்றீங்க' என்றதும் கூடம் குலுங்கியது.

அந்தக் கைதட்டல் அவளை ஒரு படி அதிகமாக ஏற்றிவிட்டது.

"வெளியில உதாரணம் தேட வேண்டாம். எங்க வீட்டுலயே இருக்காங்க." அவள் கை வலது பக்கம் நீண்டது. "எங்க அண்ணி. தங்கமானவங்க. ஆனா டீ ஆறிப்போச்சுன்னுகூடச் சொல்லத் தெரியாது அவங்களுக்கு. ஆறின டீயை அப்படியே குடிப்பாங்க. அப்படிப்பட்ட வாயில்லாத ஒருத்தங்களைக் கொண்டு வந்து இங்க உட்கார வச்சிருக்காங்களே, இது அவங்களுக்குச் செய்யற மரியாதையா? அவங்க மாதிரிப் பெண்களுக்காகத்தான் நான் பேசறேன்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. அத்தனை கண்களும் அண்ணியின் மேல். பரிதாபம் நிறைந்த கண்கள்.

முகம் சூடாவதை அண்ணி உணர்ந்தாள். தினமும் அவளிடம் கை நீட்டுகிறவர்கள், அவள் சொன்னால் மூச்சை இழுத்துப் பிடிக்கிறவர்கள், இப்போது 'அடப் பாவமே' என்று பார்த்தார்கள். கவுன்சிலர் அவளை நாற்காலியில் உட்கார வைத்தார் என்றால், வாலு அவளை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்க வைத்துவிட்டாள்.

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "அடுத்த வேட்பாளர். நிற்பதற்கு உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்!" கணவன் எழுந்துவிட்டான்.

அதிகாரி குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

"சார்."

யார் குரல் என்று கூடம் தேடியது. அண்ணி எழுந்து நின்றிருந்தாள்.

"சார், கேள்வி என்னைத்தானே கேட்டீங்க?"

கணவன் அவளைப் பார்த்தான். உட்கார் என்றது அவன் கண். அவள் உட்காரவில்லை. போய் மைக்கைப் பிடித்தாள். அது கீச்சென்று கத்தியது. முன்வரிசையில் ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"எனக்கு மைக்குல பேசிப் பழக்கமில்லை. 'கையை மடக்குங்க, மூச்சை இழுங்க, ஆச்சு.' தினமும் நான் பேசறது இவ்வளவுதான். வலிக்காதுன்னும் சொல்லுவேன். அது பொய். கொஞ்சம் வலிக்கும்."

ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

"என் நாத்தனார் நல்லாப் பேசினா. இந்த இடம் கிடைச்சதே அவளாலதான். ஆனா ஒண்ணு. எனக்கு ஆறின டீதான் பிடிக்கும். சூடா குடிச்சா நாக்கு பொத்துப்போகும். அவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

இம்முறை சிரித்தவர்களில் அத்தையும் ஒருத்தி. வாலு சிரிக்கவில்லை.

"நான் விடியறதுக்குள்ள வேலைக்குக் கிளம்பறவ. இன்னிக்குத்தான் தனியா கிடங்குச் சந்துல நடந்தேன். கையில சாவியைப் பிடிச்சுக்கிட்டு, திருடன் மாதிரி ஓடினேன். தினமும் அப்படி ஓடறவங்க இங்க உட்கார்ந்திருக்காங்க. யாருன்னு நான் சொல்லப்போறதில்லை. பஸ் ஸ்டாப்பை மாத்தும்போது யார் யாரைக் கேட்டாங்க? கடைக்காரங்களைக் கேட்டாங்க. அந்தச் சந்துல நடக்கப்போற ஒரு பொண்ணையாவது கேட்டாங்களா? கமிட்டியில உட்கார்ந்தா நான் கேக்கப்போற முதல் கேள்வி அதுதான்." அவள் நிறுத்தினாள். "ரெண்டாவது கேள்வி இன்னும் யோசிக்கலை."

மேடையில் கவுன்சிலரின் சிரிப்பு அப்படியே உறைந்திருந்தது.

"எனக்குச் சம்மதம் சார். நான்தான் சொல்றேன். குறிச்சுக்கோங்க."

முதலில் ஒரே ஒருத்திதான் கைதட்டினாள். கிழிந்த துப்பட்டாக்காரி. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக. வாலுவின் தோழிகள் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கவுன்சிலர் அதிகாரியின் காதில் குனிந்தார். ஓட்டெடுப்புக்கு முன் சிறிது இடைவேளை என்று அறிவிப்பு வந்தது.

*

நடைவழியில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் கணவன் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன காரியம் பண்ணிட்டே! அந்தக் கடை யாரோடதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா? என் வேலை போச்சு. வரப்போற வேலையும் போச்சு, இருக்கற வேலையும் போச்சு!"

"என்னைத் தினமும் அந்தச் சந்து வழியா ஏன் கொண்டுபோய் விடறீங்க?" என்று அவள் கேட்டாள்.

"அது... தனியா எப்படிப் போவே?"

"அதைத்தான் நான் மைக்குல சொன்னேன். நீங்க தினமும் நினைக்கறதைத்தான்."

அவன் டம்ளரில் தண்ணீர் பிடித்து, குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

அதற்குள் வாலு வந்துவிட்டாள். கண்கள் சிவந்திருந்தன. "அண்ணி, என்ன இது? உங்களுக்கு வேணும்னா வேணும்னு என்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"வேணும்னு இன்னிக்குத்தாண்டி தெரிஞ்சுது எனக்கு."

"ஒரு வருஷம் அண்ணி! வெயில்ல உட்கார்ந்தது நான். போறவன் வர்றவனெல்லாம் பேசின பேச்சை வாங்கினது நான். நீங்க ஒரு நாள் வந்து கூட உட்காரலையே?"

அந்தக் கேள்வி நியாயமானது. அண்ணி அதைத் தட்டிவிடவில்லை.

"உட்காரலை. நீங்க உட்கார்றது பகல்ல, நான் வேலையில இருக்கற நேரம். கூட்டமெல்லாம் சாயங்காலம். சாயங்காலம் நான் ரிப்போர்ட் கொடுத்துட்டு இருப்பேன். தைக்கற பொண்ணுங்க மெஷின்ல இருப்பாங்க. எந்த நேரம் தோதுப்படும்னு எங்களை யாரும் கேக்கலை."

வாலு கன்னத்தில் அறைந்தது போல் நின்றாள்.

"உன்னைக் குறை சொல்லலை. நீ இல்லாட்டி எனக்கு இந்த மைக்கே இல்லை. ஆனா என் பேர்ல நீ பேசாதே. அவ்வளவுதான்."

அப்போதுதான் கவுன்சிலரின் ஆள் ஒருவன் வந்தான். அண்ணியைத் தாண்டிக்கொண்டு போய், வாலுவின் முன் பவ்யமாகக் குனிந்தான். "கவுன்சிலர் அண்ணன் கூப்பிடறாரு. உங்களைத்தான். ரெண்டு வார்த்தையாம்."

வாலு திகைத்தாள். ஒரு வருஷமாக அவளை 'அந்தப் பொண்ணு' என்று சொன்னவர், இன்று ஆள் அனுப்பி அழைக்கிறார். அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவன் பின்னால் போனாள். மேடைக்குப் பக்கத்து அறைக் கதவு மூடிக்கொண்டது.

கணவன் கையிலிருந்த டம்ளரை அண்ணியிடம் நீட்டினான்.

*

கதவு திறந்து வாலு வெளியே வந்தபோது அவள் முகத்தில் எதுவும் படிக்க முடியவில்லை. நேரே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. சற்றுக் கழித்துக் கவுன்சிலரும் வந்தார். உறைந்திருந்த சிரிப்பு உருகி, பழையபடி வழிந்துகொண்டிருந்தது. மைக்கை அவரே எடுத்துக்கொண்டார்.

"தொடங்கலாம்," என்றார்.

நாற்காலிக் கால்கள் தரையில் உரசும் சத்தம் கிளம்பியது.

முதலில் எழுந்தவர்கள் சங்கத்துப் பெண்கள். நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இடது பக்கம் வாலுவின் பின்னால் போய்ப் போட்டார்கள். தைக்கும் யூனிட் பெண்கள் வலது பக்கம் அண்ணியின் பின்னால் வந்தார்கள். கடைசி வரிசையில் ஓர் ஆள் பழக்க தோஷத்தில் மனைவியின் நாற்காலியில் கை வைக்க, அவள் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு எழவே மறுத்தாள். அவன் நாற்காலியோடு அவளையும் சேர்த்து இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அத்தை எழுந்திருக்கவே இல்லை. "அம்மா, நகரு," என்று யாரோ சொன்னதற்கு, "ரெண்டு பக்கமும் என் வீடு. யோசிக்க விடு," என்றாள்.

அண்ணிக்குப் பின்னால் வரிசை வளர்ந்துகொண்டே வந்தது. எண்ணிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கணவன் சுவரோரமாக, தன் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றான். இங்கேயும் வரவில்லை, அங்கேயும் போகவில்லை.

அப்போதுதான் அது நடந்தது.

கவுன்சிலர் லேசாகத் தலையசைத்தார். முன்வரிசை எழுந்தது. அவருடைய ஆட்கள், மச்சான், கடைவளாகத்து வியாபாரிகள். ஆளுக்கு இரண்டு, மூன்று நாற்காலி. பின்னால் வெறுங்கையோடு அவர்கள் வீட்டுப் பெண்கள். எல்லோரும் வலது பக்கம் வருவார்கள் என்றுதான் கூடம் எதிர்பார்த்தது.

அவர்கள் இடது பக்கம் போனார்கள். வாலுவின் பின்னால்.

சங்கத்துப் பெண்கள் வெற்றி என்று நினைத்துக் கைதட்ட ஆரம்பித்தார்கள். பிறகு வருகிறவர்கள் யாரென்று பார்த்தார்கள். கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. யாரை எதிர்த்து ஒரு வருஷம் உட்கார்ந்தார்களோ, அவருடைய மச்சான் அவர்கள் நடுவில் நாற்காலியைப் போட்டு, கால் மேல் கால் போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கம்மா," என்றான்.

வாலு திரும்பிப் பார்த்தாள். தனக்குப் பின்னால் நிறைந்துகொண்டே வரும் நாற்காலிகளைப் பார்த்தாள். எண்ணவே வேண்டாம். ஜெயித்தாயிற்று.

அவள் எழுந்தாள். கூடத்தின் குறுக்கே நடந்து அண்ணியிடம் வந்தாள். குனிந்து, அண்ணியின் காதருகே வாயை வைத்தாள். மூச்சு சூடாகப் பட்டது.

"அண்ணி... உள்ள அவரு என்கிட்ட ஒண்ணு கேட்டாரு. பஸ் ஸ்டாப்பைப் பத்திக் கமிட்டியில வாயைத் திறக்கக்கூடாதாம். நான் சரின்னு சொல்லலை, சத்தியமா. ஆனா... மாட்டேன்னும் சொல்லலை."

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வயது முகம். பயந்துபோயிருந்தது. இவளைத் தள்ளிவிட்டால் இந்த நிமிஷமே எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. அணைத்துக்கொண்டாலும் முடிந்துவிடும்.

"என் காதுல சொல்லாதே," என்றாள். "மைக்குல சொல்லு."

"சொன்னா எனக்கு இந்த நாற்காலி எதுவும் நிக்காது அண்ணி."

"தெரியும்."

வாலு நிமிர்ந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். கூடம் மொத்தமும் அவளையே பார்த்தது. மெதுவாக நடந்து மேடைப் படியில் ஏறினாள்.

மைக் கவுன்சிலரின் கையில் இருந்தது. அவள் வருவதைப் பார்த்ததும் அவர் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

வாலு அவர் முன்னால் போய் நின்று, கையை நீட்டினாள்.